செம்புக் காசில் ‘சிவப்பு’ என்றால் எந்தச் சிவப்பு?

கோதுமைக்கதிர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் வெள்ளிக் காசு சேர்த்துக்கொண்டிருந்தவன். செம்புப் பக்கம் வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. ஒரு சந்தேகம். சந்தேகம் என்பதைவிட மனத்தாங்கல் என்றே சொல்லலாம்.

என்னிடம் ஒரு 1909 லிங்கன் சென்ட் இருக்கிறது, லிங்கன் தலை போட்ட அமெரிக்க ஒரு சென்ட் காசு. பின்பக்கம் இரண்டு கோதுமைக் கதிர்கள், அடியில் வடிவமைத்தவர் பெயரின் முதலெழுத்துகளான வி.டி.பி. உள்ள வகை. தரம் பார்க்கும் நிறுவனத்துக்கு அனுப்பியிருந்தேன். போன வாரம் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைபட்டுத் திரும்பி வந்தது. சீட்டில் ‘எம்.எஸ். 64 ஆர்.பி.’ என்று போட்டிருக்கிறார்கள். எம்.எஸ். என்றால் புழங்காத காசு, 64 என்பது எழுபதுக்கு அதன் தரம். அது சரி, ஏற்றுக்கொள்கிறேன். அந்த ஆர்.பி.தான் உறுத்துகிறது. ரெட்-பிரௌனாம், அதாவது சிவப்பும் பழுப்பும் கலந்ததாம். என் கண்ணுக்கு அது முழுச் சிவப்பு. வீட்டில் யாரிடம் காட்டினாலும் ‘நல்லாச் செவந்து கிடக்கே’ என்றுதான் சொல்கிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நண்பர் ஒருவரிடம் இதே காசு ஆர்.டி. சீட்டோடு இருக்கிறது. ரெட். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவருடையது சிவப்பே இல்லை, வெளிறிய ஆரஞ்சு! சிவப்பாக இருப்பதைச் சிவப்பு இல்லை என்கிறார்கள், ஆரஞ்சாக இருப்பதைச் சிவப்பு என்கிறார்கள். யார் கண்ணில் கோளாறு?


அரைப்பென்னி எழுதியது:

யார் கண்ணிலும் இல்லை. கணக்கு இதுதான்: அச்சிட்டபோது காசில் இருந்த நிறத்தில் 95 விழுக்காடோ அதற்கு மேலோ மிஞ்சியிருந்தால் ஆர்.டி. ஐந்துக்கும் கீழே போய்விட்டால் பி.என்., அதாவது பிரௌன். நடுவில் கிடக்கிற அத்தனையும் ஆர்.பி. இது பி.சி.ஜி.எஸ். என்கிற தரம் பார்க்கும் நிறுவனத்தின் எல்லைக்கோடு. எல்லா இடத்திலும் இதே எண்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆர்.பி. எவ்வளவு பெரிய பட்டி என்று பாருங்கள். 94 விழுக்காடு சிவப்பும் அதில்தான், 6 விழுக்காடு சிவப்பும் அதில்தான். இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு காசு எப்படி இருக்கும் என்று ஊகிக்கவே முடியாது.


தேய்ந்தசெம்பு எழுதியது:

// சிவப்பாக இருப்பதைச் சிவப்பு இல்லை என்கிறார்கள் //

தம்பி, நீங்கள் அந்தச் சொல்லை நிறத்தின் பெயராக வாசிக்கிறீர்கள். அங்கேதான் இடறுகிறது.

பச்சைத் தண்ணீர் என்கிறோம். அது பச்சையாகவா இருக்கிறது? காய்ச்சாத தண்ணீர் என்று பொருள். பச்சைக் குழந்தை, பச்சை மண் எல்லாம் அப்படித்தான். நிறத்தின் பெயரைச் சொல்லி நிலையைக் குறிக்கிறோம். செம்புக் காசுக்காரர்களின் ‘சிவப்பு’ இந்த மாதிரிச் சொல்தான். அச்சிலிருந்து விழுந்தபோது இருந்த தோல் இன்னும் மாறவில்லை, பச்சையாகவே இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். ‘நாணயச்சாலைச் சிவப்பு’ என்கிற முழுப்பெயர் சுருங்கிச் சுருங்கி வெறும் ‘சிவப்பு’ என்று நின்றுவிட்டது.

புதிதாக அடித்த செம்பு உண்மையில் சிவப்பு கிடையாது. இளஞ்சிவப்பு தோய்ந்த ஆரஞ்சு. செம்பு என்று பெயர் வைத்த நம் முன்னோருக்கும் அதுதான் ‘செம்’. எனவே உங்கள் நண்பரின் வெளிறிய ஆரஞ்சுக்கு ஆர்.டி. கிடைத்ததில் தப்பே இல்லை. காசு எந்த நிறத்தில் இருக்கிறது என்பதைச் சீட்டு சொல்லவில்லை, பிறந்த நிறத்தில் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது.

பழுப்பு என்கிற சொல்லும் இதற்கு வாகாக அமைந்திருக்கிறது பாருங்கள். பழுத்தது பழுப்பு. செம்பு பழுத்தால் பிரௌன்.


கோதுமைக்கதிர் எழுதியது:

பச்சைத் தண்ணீர் உதாரணம் சட்டென்று புரிந்தது, நன்றி ஐயா. ஆனால் என் காசு அந்த ஆரஞ்சைவிடச் சிவப்பாக இருப்பது எப்படி? பழுத்தால் பழுப்பாகத்தானே ஆக வேண்டும்? இடையில் இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது?


குடுவை எழுதியது:

இது என் பாடம் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

செம்பு காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து முதலில் குப்ரஸ் ஆக்சைடு ஆகிறது. இதைத் தூளாக எடுத்துப் பார்த்தால் செங்கல் சிவப்பு. ஆமாம், சிவப்பேதான். அதற்கு மேல் ஆக்சிஜன் ஏறினால் குப்ரிக் ஆக்சைடு, அது கருப்பு. காற்றிலோ காகிதத்திலோ கந்தகம் இருந்தால் கரிய சல்ஃபைடும் சேரும். இந்த மூன்றும் வெவ்வேறு அளவில், வெவ்வேறு கனத்தில் படிவதைத்தான் நாம் மொத்தமாகப் ‘பழுப்பு’ என்கிறோம். ஒரு காசு சாக்லெட் நிறத்திலும் இன்னொன்று ஆலிவ் சாயலிலும் வேறொன்று கருகியது மாதிரியும் இருப்பது இந்தக் கலவை வேறுபடுவதால்.

கோதுமைக்கதிர், உங்கள் காசு ஆழ்ந்த சிவப்பாகத் தெரிவது ஆரஞ்சின் மேல் மெல்லிய படலம் ஏறத் தொடங்கிவிட்டதால் இருக்கலாம். அதாவது ‘நல்லாச் செவந்து கிடக்கே’ என்று வீட்டில் சொன்னார்களே, அந்தச் செவப்பே மாற்றத்தின் முதல் படியாக இருக்கலாம். காசைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

படலம் குறிப்பிட்ட கனத்தில் இருந்தால் ஊதா, நீலம், மயில்கழுத்துப் பச்சை எல்லாம் தெரியும். சாயம் எதுவும் கிடையாது. தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் வானவில் காட்டுகிறதே, அதே ஒளிக் குறுக்கீடு. பழைய புரூஃப் சென்ட்களை, அதாவது சேகரிப்பாளருக்கென்று தனிக் கவனத்தோடு அடித்தவற்றை, நாணயச்சாலையில் மெல்லிய காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தோடு பல ஆண்டு கிடந்தவற்றில் இந்த நிறங்கள் அதிகம் காணப்படுகின்றன.

பச்சைப் பிடிப்பது தனிக் கதை. அதைப் பழுப்போடு சேர்க்காதீர்கள்.


நிழல்படம் எழுதியது:

குடுவை சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பழுப்பு என்று ஒரு தனி ஒளியே கிடையாது. வானவில்லில் தேடினாலும் கிடைக்காது. ஆரஞ்சு ஒளி மங்கி, சுற்றிலும் அதைவிட வெளிச்சமாக ஏதாவது இருந்தால் நம் மூளை அதைப் பழுப்பு என்று படிக்கிறது. இருட்டறையில் ஒரு பழுப்புப் பொருளின் மேல் மட்டும் வெளிச்சம் அடித்து, சுற்றிலும் கருப்பாக்கிப் பாருங்கள். ஆரஞ்சாகிவிடும்.

காசுக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி தெரியுமா? வெள்ளைத் தாளில் வைத்தால் பழுப்பாகத் தெரிகிற காசு கருப்பு வெல்வெட்டில் வைத்தால் சிவந்துவிடும். 2700 கெல்வின் மஞ்சள் விளக்கில் எடுத்த படத்தில் எல்லாச் செம்பும் சிவப்புத்தான். பகல் வெளிச்சத்தை ஒத்த 5000 கெல்வினில் எடுத்தால் பாதிக் காசுகளின் சாயம் வெளுத்துவிடும். படத்தை மட்டும் பார்த்து ‘முழுச் சிவப்பு’ என்று நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். ஒரே காசை நானே மூன்று தரத்தில் எடுத்துக் காட்டுவேன். தொழில் தர்மம் கருதிச் செய்வதில்லை, அவ்வளவுதான்.

படத்தில் காசுக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிற அட்டையும் தெரிந்தால் கொஞ்சம் நம்பலாம்.


ஓரவெட்டு எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் கடைசியில் நடப்பது என்ன? ஆர்.டி. என்றால் கூட்டம் கூடுகிறது. பி.என். என்றால் பார்ப்பதற்கு ஆள் இல்லை. நான் சிவப்பைத் தவிர எதையும் வாங்குவதில்லை. பழுப்பு என்பது கெட்டுப்போன சிவப்பு. இதைச் சுற்றி வளைத்துப் பேச வேண்டியதில்லை.


தேய்ந்தசெம்பு எழுதியது:

// பழுப்பு என்பது கெட்டுப்போன சிவப்பு //

கெட்டுப்போனது அல்ல, நின்றுபோனது. நன்றாகப் படிந்த பழுப்புப் படலம் அடியில் இருக்கிற உலோகத்துக்கு ஒரு போர்வை. இருநூறு வருடம் தாண்டிய காசு ஒன்று சீரான பழுப்பில் வழவழவென்று இருந்தால், சுமாரான கவனிப்பிலேயே இன்னும் நூறு வருடம் அப்படியே இருக்கும். உங்கள் சிவப்பு அப்படி இல்லை, ஓரவெட்டு. அது ஒவ்வொரு நாளும் மாறத் துடித்துக்கொண்டிருக்கிற மேற்பரப்பு. விரல் பட்டால் போச்சு. தும்மினால்கூடப் போச்சு. எச்சில் தெறித்த இடம் ஆறு மாதம் கழித்துக் கரும்புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியை எதைப் போட்டாலும் எடுக்க முடியாது.

பி.சி.ஜி.எஸ். 2010 முதல் செம்புக் காசின் நிறத்துக்கு உத்தரவாதம் தருவதையே நிறுத்திக்கொண்டது. அவர்கள் பெட்டிக்குள்ளேயே இருந்து நிறம் மாறினாலும் அவர்கள் பொறுப்பில்லை. ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.

1793 முதல் 1857 வரை அடித்த அமெரிக்கப் பெரிய சென்ட்களைச் சேர்ப்பவர்கள் ஒரு தனி உலகம். ‘எர்லி அமெரிக்கன் காப்பர்ஸ்’ என்று 1967-இலிருந்து ஒரு சங்கமே வைத்திருக்கிறார்கள். இன்று எல்லாக் காசுக்கும் போடுகிற 70 வரையிலான எண் கணக்கே வில்லியம் ஷெல்டன் 1949-இல் அந்தச் செம்புக் காசுகளுக்காக உண்டாக்கியது. பிறகுதான் மற்ற உலோகங்களுக்குப் போனது. அந்தச் சங்கத்துக்காரர்கள் ஒரு காசின் தரத்தை மதிப்பிடும்போது எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று சொற்களில் ஒன்றைச் சேர்ப்பார்கள்: சாய்ஸ், ஆவரேஜ், ஸ்கட்ஸி. நல்லது, நடுத்தரம், சொறி பிடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். காசின் தோல் எப்படி என்பதுதான் அங்கே முதல் கேள்வி. சொறசொறப்பு இல்லாத, இறுகிய, பளிங்கு மாதிரியான பழுப்புக்கு அவர்கள் கொடுக்கிற மரியாதை உங்கள் ஆர்.டி. கூட்டத்துக்குப் புரியாது.

கோபமாக எழுதிவிட்டேனோ? சரி, இருக்கட்டும்.


ஓரவெட்டு எழுதியது:

பெரிய சென்ட்களில் முழுச் சிவப்பு கிடைப்பதே அபூர்வம், அதனால் பழுப்பைக் கொண்டாடுகிறார்கள். எட்டாத பழம். :)


கருப்புஃபார்திங் எழுதியது:

நடுவில் புகுந்து ஒரு கலகம் செய்கிறேன். ‘பிறந்த நிறம்’ என்கிறீர்களே, பிறக்கும்போதே கருப்பாகப் பிறந்த செம்புக் காசை என்ன செய்வீர்கள்?

என் பெயருக்குக் காரணமே அதுதான். பிரிட்டனில் 1897 முதல் 1918 வரை ஃபார்திங் என்கிற கால் பென்னிக் காசுகளை நாணயச்சாலையே இரசாயனம் போட்டுக் கருப்பாக்கி வெளியிட்டது. ஃபார்திங் 20 மில்லிமீட்டர், அரை சாவரின் என்கிற தங்கக் காசு 19.3 மில்லிமீட்டர். புதுச் செம்பு பளபளவென்று இருந்தால் தங்கக் காசு என்று தள்ளிவிடுவார்கள் என்கிற பயம். பிறகு 1944, 45, 46 பென்னிகளையும் மங்கலாக்கித்தான் விட்டார்கள். புகைப்படக்காரர்கள் பயன்படுத்தும் ஹைப்போ கரைசலில் முக்கியெடுத்தது.

என்னிடம் ஒரு 1901 ஃபார்திங் இருக்கிறது. யாரும் தொடாதது. கரும் ஈயம் மாதிரி மினுங்குகிறது. விளக்கில் சாய்த்தால் ஒளி சுழல்கிறது. அதன் பிறந்த நிறம் நூற்றுக்கு நூறு இருக்கிறது. ஆனால் உங்கள் மூன்று சொல்லில் பி.என். தவிர வேறு இடம் கிடையாது. நேர்மாறாக, அதே வகையில் ‘சிவப்பாக’ ஒன்று வந்தால் யாரோ சுரண்டிக் கழுவியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.


தேய்ந்தசெம்பு எழுதியது:

அருமையான இடத்தைப் பிடித்தீர்கள். இங்கிலாந்தின் சோகோ நாணய ஆலையில் அதன் உரிமையாளர் மாத்யூ போல்டன் அடித்த மாதிரிக் காசுகளிலும் இது உண்டு. வேண்டுமென்றே பழுப்பாக்கிய தகட்டில் அடிப்பார்கள். ‘பிரான்ஸ்டு புரூஃப்’ என்று பட்டியல்களில் பார்த்திருப்பீர்கள். சுத்தச் செம்பில் அடித்த காசுக்கு எப்படி ‘பிரான்ஸ்’, அதாவது வெண்கலம், வந்தது என்று பலர் குழம்புவார்கள். அங்கே அது உலோகத்தின் பெயரே அல்ல, மேற்பூச்சின் பெயர்.

ஆக ஆர்.டி., ஆர்.பி., பி.என். என்கிற இந்த ஏற்பாடு எல்லாச் செம்புக்கும் பொருந்துவது இல்லை. பிறந்த நிறம் எது என்று அந்தந்தக் காசுக்குத் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.


புதுமுகம்22 எழுதியது:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். ‘ஒளி சுழல்கிறது’ என்றால் என்ன? கார்ட்வீல் என்று ஒருவர் சொன்னார். அது 1797-இல் போல்டன் அடித்த தடித்த பென்னி இல்லையா?


அரைப்பென்னி எழுதியது:

பெயர் ஒன்று, விஷயம் வேறு. ஒரு அவுன்ஸ் எடையில், அகன்ற விளிம்போடு வண்டிச் சக்கரம் மாதிரி இருந்ததால் அந்தப் பென்னிக்கு அந்தப் பெயர். நாம் சொல்வது மினுமினுப்பு. அச்சு அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வழிகிறது. அந்த வழிந்த தடம் கண்ணுக்குத் தெரியாத நுண் கோடுகளாகக் காசின் மேல் நிற்கும். ஒரே விளக்கின் கீழ் காசை மெல்லச் சாய்த்தால் ஆரக்கால் மாதிரி ஒரு ஒளிப்பட்டை நடுவைச் சுற்றி ஓடும். அது ஓடினால் தோல் அசல். ஓடாவிட்டால் தேய்ந்தது, கழுவியது, அல்லது இரண்டும்.


செல்லாக்காசு எழுதியது:

அரைப்பென்னி சொன்னது எனக்கு மூன்று வருடத்துக்கு முன்பு தெரியாமல் போயிற்று. என் கதையைக் கேளுங்கள்.

ஒரு பெரிய சென்ட், 1850களில் ஒன்று. விற்றவர் காட்டியபோது தகதகவென்று இருந்தது. அந்த வயதில் இவ்வளவு சிவப்பா என்று மயங்கி எடுத்துவிட்டேன். பெட்டியில் அடைக்காத காசு. ஒரு வருடம் சும்மா இருந்தது. பிறகு நெற்றிக்குப் பக்கத்தில் ஒரு திட்டு வந்தது, அப்புறம் நட்சத்திரங்களுக்கு நடுவில் இன்னொன்று. இன்று அது தேமல் விழுந்த கன்னம் மாதிரி இருக்கிறது. இளஞ்சிவப்பு ஒரு பக்கம், அழுக்குப் பழுப்பு ஒரு பக்கம்.

இப்போது லென்ஸ் வைத்துப் பார்த்தால் எல்லாம் தெரிகிறது. அசல் சிவப்பு போகும்போது ஒரு முறை வைத்துப் போகும். கை படும் மேடுகள் முதலில் பழுக்கும். எழுத்துகளுக்கு நடுவிலும் இலைகளின் இடுக்கிலும் சிவப்பு ஒளிந்துகொண்டு கடைசி வரை இருக்கும். என் காசில் மேடும் பள்ளமும் ஒரே நிறம். அமிலத்தில் முக்கியிருக்கிறார்கள். அமிலம் ஆக்சைடை மட்டும் கரைத்துவிட்டு நல்ல பிள்ளையாகத் திரும்புவது இல்லை. மேலே இருந்த அந்த நுண் கோடுகளையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. அதனால் நிறம் இருந்தது, சுழலும் ஒளி இல்லை. ஆரஞ்சுக்குப் பதிலாக ரோஜா நிறத்துக்குச் சாய்ந்த அந்தச் சாயலும் அப்போதே என்னை எச்சரித்திருக்க வேண்டும். இது ஒருநாள் தரம் பார்க்கப் போனால் எண்ணே கிடைக்காது. ‘சந்தேகத்துக்குரிய நிறம்’ என்று எழுதி அனுப்புவார்கள்.


குடுவை எழுதியது:

புதிதாகத் தோலுரித்த செம்பு வேகமாகவும் திட்டுத்திட்டாகவும் மாறுவது இயல்பு. அதனால்தான் எலுமிச்சையோ வினிகரோ எதுவுமே வேண்டாம் என்கிறோம். பாத்திரத்துக்குச் சரி, காசுக்கு அல்ல. எண்ணெய்ப் பிசுக்கு, பழைய பிளாஸ்டிக் உறையின் பிசின் மாதிரிப் படிந்தவற்றுக்குச் சுத்தமான அசிட்டோனில் ஒரு முக்கு போதும், தேய்க்கக் கூடாது. அது நிறத்தைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது.


கபிலன்கண் எழுதியது:

நல்ல இழை. எனக்கு ஒரு மொழிச் சண்டை இருக்கிறது. பிரௌனுக்கு எல்லோரும் பழுப்பு என்றே எழுதுகிறீர்கள். பழுத்த இலை என்ன நிறம்? மஞ்சள்! பழுப்பு என்றாலே எனக்கு மங்கிய மஞ்சள்தான் கண்ணில் வருகிறது. நாங்கள் இதைக் கபில நிறம் என்போம், பேச்சில் மண்ணிறம். ஆர்.பி.க்கு ‘செங்கபிலம்’ என்று எழுதிப் பாருங்கள், எவ்வளவு துல்லியமாக இருக்கிறது.


தேய்ந்தசெம்பு எழுதியது:

செங்கபிலம் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழுத்தல் என்கிற பொருளை விட எனக்கு மனம் இல்லை. மண்ணிறம் என்றால் எந்த மண்? செம்மண்ணா, கரிசலா?


கருப்புஃபார்திங் எழுதியது:

கரிசல் என் ஃபார்திங்குக்கு. ஒதுக்கிவிட்டேன், வேறு யாரும் கேட்கக் கூடாது.


கபிலன்கண் எழுதியது:

:) சரி, களிம்பையாவது ஒழுங்குபடுத்துவோம். செம்பில் என்ன படிந்தாலும் களிம்பு என்று எழுதுகிறார்கள். ‘செம்பில் களிம்பு போல’ உயிரோடு கூடவே பிறந்த மலம் என்று சைவ சித்தாந்தத்தில் சொல்வது பழகிவிட்டதால், செம்பின் மேல் எது வந்தாலும் அழுக்கு என்கிற எண்ணம் நமக்குள் ஊறியிருக்கிறது. தேய்த்துப் பளபளப்பாக்கினால்தான் நிம்மதி. காசு சேர்ப்பவன் முதலில் விட வேண்டியது இந்தப் புத்தியைத்தான் என்று நினைக்கிறேன்.


குடுவை எழுதியது:

வழிமொழிகிறேன். பழுப்பு வேறு, களிம்பு வேறு. பச்சையாகப் பூத்து, குச்சியால் தொட்டால் மெழுகு மாதிரியோ தூளாகவோ வருகிறதே, அதற்கு மட்டும் களிம்பு என்போம். அதிலும் வெளிர்ப்பச்சைத் தூள் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தால் குளோரைடு உள்ளே புகுந்துவிட்டது. ஈரத்தோடு சேர்ந்து அது அமிலத்தை உண்டாக்கும், அமிலம் மேலும் செம்பைத் தின்னும், திரும்பவும் முதலிலிருந்து. அந்தக் காசை மற்றவற்றோடு வைக்காதீர்கள்.


புதுமுகம்22 எழுதியது:

என்னிடம் ஒரு சென்ட் உள்ளது. பலகை மாதிரி வரிவரியாக, ஒரு வரி இளம்பழுப்பு, ஒரு வரி கரும்பழுப்பு. இதற்கு என்ன சொல்? கெட்டுப்போனதா? இன்னொன்று, 1990களின் சென்ட்கள் எல்லாமே சிவப்பாக இருக்கின்றன. எல்லாம் ஆர்.டி.யா?


அரைப்பென்னி எழுதியது:

முதலாவதற்கு ‘வுடி’ என்று பெயர், மரவரி. உருக்கும்போது செம்பும் தகரமும் துத்தநாகமும் சரியாகக் கலக்காமல் போய், தகடாக உருட்டும்போது அந்தக் கலவை நீண்டு வரியாகிவிடும். கெட்டுப்போனது அல்ல, அதையே தேடிச் சேர்ப்பவர்கள் உண்டு. பத்திரமாக வையுங்கள்.

இரண்டாவது: 1982-இன் நடுவில் அந்தச் சென்ட்கள் செம்பாக இருப்பதை விட்டுவிட்டன. 97.5 விழுக்காடு துத்தநாகம், மேலே மெல்லிய செம்புப் பூச்சு. எடை போட்டால் பழையது 3.11 கிராம், புதியது 2.5. சீட்டில் ஆர்.டி. என்று போடுவார்கள்தான். பூச்சில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் அடியிலிருந்து துத்தநாகம் கொப்புளமாகக் கிளம்பும். அது பழுப்பதில்லை, அழுகிப்போகிறது.


கோதுமைக்கதிர் எழுதியது:

மூன்று நாளாகப் படித்துக்கொண்டே இருந்தேன். நேற்று இரவு காசை எடுத்து உட்கார்ந்தேன். நிழல்படம் சொன்ன மாதிரி வெள்ளை விளக்கு ஒன்று, மற்றதெல்லாம் அணைத்துவிட்டு. அடியில் சாம்பல் நிற அட்டை. பத்து மடங்கு லென்ஸ்.

முன்பக்கம் முதலில். சாய்த்தால் முகத்துக்கு முன்னால் இருக்கிற வெற்றிடத்தில் ஒளி ஓடுகிறது. ஆண்டு எண்ணின் மேல் ஏறி, தோள்பட்டை வரை வந்து, அங்கே தடுக்குகிறது. லிங்கன் போட்டிருக்கும் கோட்டுச் சட்டையின் தோள் மடிப்பிலும் கன்ன எலும்பிலும் லேசான ஒரு திரை. விளக்கைப் பார்க்கத் திருப்பினால் சிவப்பு, நேராக வைத்தால் தேன் நிறம். இத்தனை நாள் நான் பார்த்து மகிழ்ந்த ‘ஆழ்ந்த சிவப்பு’ இந்தத் திரைதான். குடுவை சார் பார்க்காமலே சொன்னார். எழுத்துகளின் இடுக்கில் மட்டும் நண்பரின் காசில் இருக்கிற அதே வெளிறிய ஆரஞ்சு இருக்கிறது. இரண்டும் ஒரே காசில் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

பின்பக்கம் அதைவிட மோசம். நான் அந்தப் பக்கத்தைச் சரியாகப் பார்த்ததே இல்லை என்று தெரிகிறது. இடப்பக்கக் கதிரின் மேல் ஒரு விரல் ரேகை. அரைவட்டமாக ஏழெட்டுக் கோடுகள், ஒவ்வொன்றும் பழுப்பாகச் செதுக்கினது மாதிரி. அந்த விரலுக்குச் சொந்தக்காரர் இன்று உயிரோடு இருப்பாரா என்று தெரியவில்லை. அழித்தாலும் போகாத கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

முன்பக்கம் முக்கால் பங்கு, பின்பக்கம் பாதி என்று கணக்குப் போட்டேன். 95-க்குக் கிட்டக்கூட வராது. ஆர்.பி. சரிதான். நிறுவனத்துக்கு எழுத வைத்திருந்த கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.


ஓரவெட்டு எழுதியது:

விற்பதாக இருந்தால் சொல்லுங்கள்.


தேய்ந்தசெம்பு எழுதியது:

பார்த்தீர்களா, ஆர்.டி. தவிர எதையும் தொடாதவர் வந்துவிட்டார்!


ஓரவெட்டு எழுதியது:

அந்த விரல் ரேகைக்காகக் கேட்டேன். வேறு ஒன்றும் இல்லை.


கோதுமைக்கதிர் எழுதியது:

விற்கவில்லை அண்ணே. அட்டவணையில் ஆர்.பி. என்று மட்டும் எழுதாமல் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: ‘முன்: தோளிலும் கன்னத்திலும் தேன் நிறத் திரை, எழுத்து இடுக்கில் ஆரஞ்சு. பின்: பாதி பழுப்பு, இடக்கதிரில் ரேகை. வெள்ளை விளக்கு, சாம்பல் அட்டை.’ பக்கத்தில் தேதியும் போட்டிருக்கிறேன். அடுத்த வருடம் அதே விளக்கில் திரும்பப் பார்க்கப்போகிறேன், திரை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று.

கபிலன்கண், நிற நிரலில் ‘செங்கபிலம்’ என்றுதான் எழுதினேன். ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம்.


தேய்ந்தசெம்பு எழுதியது:

செம்பழுப்பு. திருத்தி எழுதுங்கள், இன்னும் மை காய்ந்திருக்காது.